வீட்டுக் கணினிக்குப் பூட்டு வேண்டுமா? - கடவுச்சொல் வந்த வரலாறு



இன்று தோட்டப்புற வீடுகளிலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கணினியோ மடிக்கணினியோ இடம் பிடித்திருப்பதைக் காண்கிறோம். பெரும்பாலும் அது வீட்டுக்கு ஒன்றுதான். பகலில் பிள்ளைகள் அதில் பாடம் செய்கிறார்கள். மாலையில் மூத்தவன் வேலைக்கு மனுப் போடுகிறான். இரவில் அப்பா சேமநிதிக் கணக்கைப் பார்க்கிறார். அந்தப் பெட்டியைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும்படி வைப்பதா, வேண்டாமா என்ற கேள்வி அப்போது எழுகிறது.

"நம் வீட்டில் நமக்குள் என்ன பூட்டு?" என்று கேட்கிறார் பாட்டி. "என் பாடத்தைத் தம்பி அழித்துவிட்டானே!" என்று குறைப்படுகிறாள் பேத்தி. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்புச் சொல்வதற்கு முன், இந்தக் கடவுச்சொல் எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

கடவுச்சொல் கணினியைவிட மிகப் பழையது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பொலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர், ரோமானியப் படையின் இரவுக் காவலை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் வேளையில், முகாமின் கடைக்கோடியில் தங்கும் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட வீரன் ஒருவன் தளபதியின் கூடாரத்துக்குச் செல்வான். அங்கே அன்றைய அடையாளச் சொல் எழுதப்பட்ட மரப்பலகை ஒன்று அவனிடம் கொடுக்கப்படும். அவன் தன் இடத்துக்குத் திரும்பி, அடுத்த பிரிவின் தலைவரிடம் சாட்சிகள் முன்னிலையில் அதை ஒப்படைப்பான். அவர் அதற்கடுத்த பிரிவுக்குக் கொடுப்பார். இப்படிக் கைமாறிக் கைமாறி, இருட்டுவதற்குள் பலகை தளபதியிடமே வந்து சேர வேண்டும். ஒரு பலகை வரவில்லையென்றால், அதன் அடையாளக் குறியைக் கொண்டு எந்தப் பக்கத்தில் தடைப்பட்டது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சொல் முகாமிலிருந்த அனைவருக்கும் ஒன்றே. 'வந்திருப்பவன் நம்மவன்' என்பதை மட்டுமே அது காட்டும். 'இவன் இன்னார்' என்று பெயர் சொல்லிக் காட்டாது. ஆளுக்கொரு சொல் என்பது அடுத்த கட்டம். கணினி உலகத்தில் அந்த வழக்கம் வேரூன்றியது 1960களில்தான்.

அக்காலத்துக் கணினி ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொண்டிருக்கும். அதன் விலையோ மிக அதிகம். வேலை கொடுக்க விரும்பியவர்கள் துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, விடைக்காகப் பல மணி நேரம், சில வேளைகளில் மறுநாள் வரையிலும் காத்திருந்தார்கள். ஓர் எழுத்துத் தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் ஒரு வழி கண்டார்கள். பலர் தனித்தனித் தட்டச்சுக் கருவிகளின் முன் அமர்ந்து, ஒரே கணினியை ஒரே வேளையில் பயன்படுத்தும் முறை அது. 1961 நவம்பரில் அதைச் செய்து காட்டினார்கள்.

இது எப்படி நடக்கும்? தோட்டத்துச் சிறு பள்ளிகளில் ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் நடத்தியதை நம்மில் பலர் அறிவோம். முதல் வகுப்புக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்துவிட்டு, மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒவ்வொரு வகுப்பும் ஆசிரியர் தம்மிடமே இருப்பதாக எண்ணிக்கொள்ளும். கணினியும் அவ்வாறே ஒருவருக்குச் சிறிது நேரம், மற்றவருக்குச் சிறிது நேரம் என்று கண்ணிமைக்கும் வேகத்தில் மாறி மாறி வேலை செய்தது. ஆனால் வகுப்பில் மாணவர்க்கு மாணவர் நோட்டுப் புத்தகம் வேறல்லவா? ஒருவன் புத்தகத்தில் மற்றவன் கிறுக்கக் கூடாதல்லவா? அதற்காகவே ஆளுக்கொரு கணக்கும், அந்தக் கணக்கைத் திறக்க ஆளுக்கொரு கடவுச்சொல்லும் வைத்தார்கள். ஒருவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் கணினியைப் பயன்படுத்தலாம் என்ற அளவும் அந்தக் கணக்கின் பேரிலேயே இருந்தது.

ஆகவே நேயர்களே, கணினியின் கடவுச்சொல் வெளியிலிருந்து வரும் திருடனை நினைத்துப் பிறந்ததன்று. ஒரு பொருளைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது, அவரவர் பங்கு அவரவர்க்கு நிற்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. பாட்டியின் கேள்விக்கு இதில் பாதி விடை இருக்கிறது. பங்கு பிரிப்பதனால் பாசம் குறைந்துவிடாது.

இந்தப் பூட்டு பிறந்த வேகத்திலேயே உடைபட்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கோப்பின் பெயரை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் அச்சிட்டுத் தரும் வசதி அங்கே இருந்தது. 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி அவர் அட்டை கொடுத்தார். சனிக்கிழமை விடியலில் போய், அச்சிட்ட தாளை எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பிறகுதான் இதை அவர் ஒப்புக்கொண்டார். அதே கணினியில் வேறொரு சமயம் இரண்டு கோப்புகள் இடம் மாறிப்போயின. உள்ளே நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவிப்பு காட்டப்படுவதற்குப் பதிலாக, அனைவரின் கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்டப்பட்டன!

பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாவிகளையெல்லாம் ஆணியில் மாட்டி வைத்தால் என்ன பயன்? இதைச் சிந்தித்த அறிஞர்கள், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே ஓர் உபாயம் கண்டார்கள். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், அரிசியை மாவாக அரைப்பதுபோல் உருமாற்றி வைத்தார்கள். மாவை மீண்டும் அரிசியாக்க முடியாது. ஆனால் அதே அரிசியை அதே முறையில் அரைத்தால் அதே மாவு கிடைக்கும். நாம் தட்டும் சொல்லைக் கணினி அரைத்துப் பார்க்கிறது. இருக்கும் மாவோடு ஒத்திருந்தால் கதவைத் திறக்கிறது.

இதனாலும் தொல்லை தீரவில்லை. ராபர்ட் மோரிஸ், கென் தாம்ப்சன் என்ற இரு அறிஞர்கள் 1979இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மக்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 விழுக்காடு மிகக் குறுகியவையாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் உள்ள சொற்களாகவோ இருந்தன. அதாவது, ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். பூட்டைச் செய்தவன் தேர்ந்தவனாக இருந்தாலும், நாம் வைக்கும் சாவி வாழை நாராக இருந்தால் கதவு நிற்குமா?

பூட்டே வேண்டாம் என்றவர்களும் உண்டு. அதே மாசசூசெட்ஸ் கழகத்தின் செயற்கை அறிவுக்கூடத்தில் கடவுச்சொல் இல்லாமலே கணினியை நடத்தி வந்தார்கள். 1977இல் அக்கழகத்தின் மற்றோர் ஆய்வுக்கூடம் கடவுச்சொல் முறையைக் கொண்டு வந்தபோது, ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர் அதை எதிர்த்தார். பலருடைய கடவுச்சொற்களைக் கண்டுபிடித்து, "இதை விட்டுவிட்டு வெறுமனே விசையை அழுத்தி உள்ளே வாருங்கள்" என்று அவரவர்க்கே செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒரு பங்கினர் அப்படியே செய்ததாக அவர் கூறியிருக்கிறார். ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடி உழைக்கும் இடத்தில், பூட்டு என்பது அதிகாரத்தின் கருவி என்பது அவர் கட்சி. நம் பாட்டி சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

வீட்டுக் கணினி பிறந்த காலத்தில் பாட்டியின் கட்சியே வென்றிருந்தது. 1977இல் ஆப்பிள் 2 முதலான சிறு கணினிகள் கடைக்கு வந்தன. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வந்தது. அவற்றை முடுக்கினால் கேள்வி கேட்காமல் வேலைக்கு ஆயத்தமாக நிற்கும். ஓர் ஆளுக்கு ஒரு கணினி என்றான பிறகு பங்கு பிரிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? 1984இல் வந்த ஐபிஎம் கணினி ஒன்றில் பூட்டு இருந்தது உண்மை. ஆனால் அது அலமாரியைப் போல இரும்புச் சாவி போட்டுத் திருப்பும் பூட்டு! 1995இல் வந்த விண்டோஸ் 95 கடவுச்சொல் கேட்டது. ஆனால் அந்தக் கட்டத்தை இரத்துச் செய்துவிட்டே பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். அவரவர்க்குப் பிடித்த திரைப்படத்தையும் அமைப்பையும் நினைவில் வைத்துக்கொள்ளத்தான் அது உதவியது.

பிறகு ஏன் நிலைமை மாறியது? இரண்டு மாற்றங்கள் காரணம்.

முதலாவது, கணினிகள் கம்பி வழியே ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1988 நவம்பர் 2ஆம் நாள், தானாகவே பரவும் நிரல் ஒன்று அமெரிக்காவில் பிணையக் கணினிகளைத் தாக்கியது. அது பரவிய வழிகளுள் ஒன்று, எளிய கடவுச்சொற்களை ஊகித்துப் பார்ப்பது. அதை எழுதிய மாணவர் யார் தெரியுமா? 1979இல் எளிய கடவுச்சொற்களைப் பற்றி எச்சரித்த அதே ராபர்ட் மோரிஸின் மகன்!

அதுவரை கணினியின் எதிரே வந்து உட்கார்ந்தவனே அந்நியன். இனிமேல் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருப்பவனும் அந்நியன் ஆனான். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதற்கு வேடிக்கையான ஒரு தீர்வு வைத்திருந்தது. கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கணினியின் எதிரே இருப்பவர் திறக்கலாம். வலைப்பின்னல் வழியே தூரத்திலிருந்து நுழைய அந்தக் கணக்கு இடம் கொடுக்காது. ஆகவே அந்த வகையில் '1234' என்று வைப்பதைவிட ஒன்றும் வைக்காததே மேலாக இருந்தது. அரைகுறைப் பூட்டு, 'பூட்டியிருக்கிறோம்' என்ற துணிச்சலை மட்டும் கொடுத்து நம்மை ஏமாற்றும் என்பதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது மாற்றம் நம் வீட்டுக்கே வந்தது. நம் நாட்டில் மேபேங்க் வங்கி 2000இல் இணைய வழிச் சேவையைத் தொடங்கியது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் திரைக்கு மாறின. அதே மாதத்தில் ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-லெஸ்தாரி திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டாவது கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி வரை எடுக்க இணையத்தில் மனுப் போடலாம் என்றார்கள். பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் சேர்த்த ஓய்வுக்காலப் பணம் ஒரு திரைக்குப் பின்னால் வந்து நின்றது. இதற்கு மேல் இன்னொன்றையும் நாம் செய்கிறோம். ஒவ்வொரு முறையும் தட்டுவதற்குச் சோம்பல்பட்டு, வங்கியின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் உலாவியிலேயே சேமித்து வைக்கிறோம். அப்படி வைத்திருக்கும் கணினியைப் பூட்டாமல் விட்டால், ஒரு கதவு திறந்தால் எல்லாக் கதவுகளும் திறந்ததாகும்.

பழைய லயத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் முன்கதவு திறந்தே கிடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடுப்படி வரை ஓடி வருவார்கள். ஆனால் உள்ளே இருக்கும் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. பிறப்புப் பத்திரம், அடையாள ஆவணங்கள், தாலிக்குச் சேர்த்த பொன் எல்லாம் அதிலே. சாவி அம்மாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். அம்மா பிள்ளைகளை நம்பவில்லை என்று யாராவது சொன்னார்களா? 2000 வரை வீட்டுக் கணினி முன்திண்ணையாக இருந்தது. இன்று அதுவே டிரங்குப் பெட்டியாகிவிட்டது. ஆகவே அதற்குப் பூட்டு வேண்டும் என்பதே வரலாறு காட்டும் முடிவு.

ஆனால் அந்தப் பூட்டு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து போகிறவர் கை வைப்பதை அது தடுக்கும். சிறு பிள்ளை தெரியாமல் அழிப்பதைத் தடுக்கும். ஆனால் கணினியைத் திறக்கும் கடவுச்சொல் மட்டும் இருந்து, வன்தட்டு மறையாக்கம் செய்யப்படாமல் இருந்தால், தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தி உள்ளிருப்பதைப் படித்துவிடலாம். 2008இல் ஹாங்காங்கில், நடிகர் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் நகலெடுக்கப்பட்டு ஊரெங்கும் பரவின. அந்தப் பணியாளர் மறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆகவே பழுதுக்குக் கொடுக்கும் முன் முக்கியமானவற்றை வேறிடத்தில் பத்திரப்படுத்தி, கணினியிலிருந்து அகற்றிவிடுவது நல்லது.

தொலைபேசியில் பேசி ஏமாற்றுகிறவனையும் இந்தப் பூட்டு தடுக்காது. 'நான் காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன்' என்று மிரட்டுகிறவனிடம் நாமே வங்கியின் எண்ணைச் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள எந்தப் பூட்டும் என்ன செய்யும்? அப்படிப் பணம் போய்விட்டால் தாமதமின்றி வங்கிக்கும், 2022இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் அழைக்க வேண்டும். நம் நாட்டின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவதையே குற்றம் என்கிறது. 50,000 வெள்ளி வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்க முடியாது.

இனி, வீட்டில் செய்ய வேண்டியது என்ன? 1961இல் கொர்பாட்டோ குழுவினர் செய்ததைத்தான் நாமும் செய்ய வேண்டும். ஒரே கணினியில் ஆளுக்கொரு கணக்குத் திறக்கலாம். அப்பா அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று. பணம் தொடர்பான வேலை பெற்றோர் கணக்கில் மட்டும் நடக்கட்டும். புதிய நிரல்களைப் பதிக்கும் உரிமையும் அந்தக் கணக்குக்கே இருக்கட்டும். சிறுவர்களின் கடவுச்சொல் பெற்றோருக்குத் தெரிந்திருக்கட்டும். அக்காவின் பாடத்தைத் தம்பி அழிக்கும் சண்டையும் இதனால் தீரும்.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும்? பிள்ளையின் பெயர், அடையாள அட்டை எண், மோட்டார் சைக்கிளின் எண் ஆகியவை வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணயக் கழகம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி என்று கலந்து வைப்பதை ஊக்குவித்தது. உலகமே அதைப் பின்பற்றி அல்லல்பட்டது. 2017இல் அதே கழகம் அந்தக் கட்டாயங்களையும், குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்றும் கட்டாயத்தையும் கைவிட்டு, நீளமே பலம் என்ற பக்கம் சாய்ந்தது. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். நமக்கு மனத்தில் நிற்கும். பிறர் ஊகிப்பது அரிது.

கடைசியாக ஒன்று, இதுவே மிக முக்கியமானது. அப்பா ஒருவருக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல், அவருக்குத் திடீரென்று ஏதாவது நேர்ந்துவிட்டால், குடும்பத்தையே வெளியில் நிறுத்திவிடும். பிள்ளைகளின் படங்களும் பத்திரங்களும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். ஆகவே கணினியின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அந்த இடம் கணவன் மனைவி இருவருக்கும் தெரிந்திருக்கட்டும். தாளில் எழுதுவது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். அலுவலகத்தில் திரையின் மேல் ஒட்டி வைத்தால் ஆபத்துத்தான். ஆனால் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் கள்வனால் நம் வீட்டு அலமாரிக்குள் கை நீட்ட முடியாது. கணினிக்குக் கடவுச்சொல் கொண்டு வந்த கொர்பாட்டோவே, தம்முடைய கடவுச்சொற்களை மூன்று பக்கத் தாளில் எழுதி வைத்திருந்ததாக 2014இல் ஒப்புக்கொண்டார்.

ரோமானியரின் மரப்பலகை 'இவன் நம்மவன்' என்று காட்டியது. கொர்பாட்டோவின் கடவுச்சொல் 'இது இன்னாருடையது' என்று காட்டியது. நம் வீட்டுக்கு இரண்டும் வேண்டும். பிள்ளைகளுக்கு அவரவர் பங்கும், பெற்றோருக்குத் தெரிந்த சாவியும் இருக்கட்டும். இந்த வாரக் கடைசியில் குடும்பமாக ஒரு முறை அமர்ந்து, பேத்தி கணக்குகளைத் திறந்து கொடுக்க, பாட்டி அந்த உறையை அலமாரியில் வைக்கட்டும்.